மின்பளு வரைபடமும் களமும் ஒத்துப்போகாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

துணை மின் நிலையத்திலிருந்து வீட்டு மீட்டர் வரை உள்ள பீடர்கள் (நிலையத்திலிருந்து புறப்படும் முதன்மை மின்பாதைகள்), மின்மாற்றிகள், தாழ்வழுத்தக் கம்பிகள், மின் இணைப்புகள் அனைத்தையும் வரைபட மென்பொருளில் ஏற்றி, இன்று எந்த மின்மாற்றி திணறுகிறது, அடுத்த கோடையில் எந்தப் பீடர் தாங்காது என்று முன்கூட்டியே கணிக்கும் வேலை இப்போது பிரிவு அலுவலகம் வரை வந்துவிட்டது. 2008-இல் மத்திய அரசு தொடங்கிய, ஆர்-ஏபிடிஆர்பி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட திட்டத்தின் முதல் பகுதியிலேயே, நகரங்களின் மின்கட்டமைப்பைப் புவித்தகவல் வரைபடமாக்குவதும் ஒவ்வொரு நுகர்வோரையும் அவருக்குரிய மின்மாற்றியோடு இணைத்துப் பட்டியலிடுவதும் இடம்பெற்றிருந்தன. அத்தகைய அடித்தரவின் மேல்தான் புதிய கம்பங்கள், புதிய மின்மாற்றிகள், கூரைச் சூரியத் தகடுகள் என்று நாள்தோறும் சேர்ந்துகொண்டே வருகின்றன.

கணிப்பு தவறும்போது பெரும்பாலோர் கணிப்புச் சூத்திரத்தைத்தான் முதலில் மாற்றத் தொடங்குகிறார்கள். அது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து. சூத்திரத்துக்குக் கீழே இருக்கும் வரைபடத்தில், ஒரு கம்பி தவறான கம்பியோடு சேர்ந்திருப்பதும், ஒரு மின் இணைப்பு தவறான மின்மாற்றியின் கீழ் எழுதப்பட்டிருப்பதும்தான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். ஆகவே இங்கே அறிகுறிகள் ஒரு வரிசையில் தரப்பட்டுள்ளன: முதலில் இடம், அடுத்து இணைப்பு, பின்பு எண், பின்பு நேரம், கடைசியில்தான் கணிப்பு. மேலே உள்ளது சரியாகாமல் கீழே உள்ளதைத் தொட வேண்டாம். எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டின் பகிர்மான அமைப்பிலிருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. வேறு மென்பொருளில் கட்டளையின் பெயர் மாறலாம், பிழையின் தன்மை மாறாது. தொடங்கும் முன் தரவின் நகல் ஒன்றைத் தேதியிட்டுத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை, அல்லது கம்பியின் நீளம் நம்ப முடியாத எண்ணாக வருகிறது

இது விரைவில் தீரும். ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் ஓடும் பீடரின் நீளம் 0.08 என்று வந்தால், அந்த அடுக்கு மீட்டரில் இல்லை, பாகையில் இருக்கிறது. கைபேசியில் எடுத்த புள்ளிகள் டபிள்யூஜிஎஸ் 84 அளவீட்டில், அதாவது இபிஎஸ்ஜி (ஆயத்தொலை முறைகளின் குறியீட்டு எண்) 4326-இல் வருகின்றன. நீளம் அளக்க அவற்றை, பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறைக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை மாநிலத்தின் ஊடே செல்வதால், அதற்கு மேற்கே உள்ள கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் ஆகியவை 43-ஆம் வடக்கு மண்டலத்திலும் (இபிஎஸ்ஜி 32643), கிழக்கே உள்ள சேலம், மதுரை, திருச்சி, தூத்துக்குடி, சென்னை ஆகியவை 44-ஆம் வடக்கு மண்டலத்திலும் (இபிஎஸ்ஜி 32644) விழுகின்றன. திண்டுக்கல் அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கிறது. கோட்டைத் தாண்டிச் செல்லும் பீடர்களை இரண்டாக வெட்டாமல், ஒரு மின் பகிர்மான வட்டத்துக்கு ஒரே மண்டலத்தைத் தேர்ந்து முழுத் தரவையும் அதிலேயே வைத்துக்கொண்டால் போதும். எல்லைக்கு அப்பால் சிறிது தூரத்தில் ஏற்படும் அளவுப் பிழை நம் வேலைக்குப் பொருட்டில்லை.

அடுக்கின் பண்புகளுக்குள் சென்று ஆயத்தொலை முறையின் பெயரை மட்டும் மாற்றினால் எண்கள் மாறுவதில்லை, அந்த எண்களுக்குத் தவறான பொருள் கிடைக்கிறது. ‘ரீபுரொஜெக்ட் லேயர்’ கருவியாலோ, புதிய கோப்பாக ஏற்றுமதி செய்யும்போதோதான் உண்மையில் மாற்றம் நடக்கும். சென்னைப் புள்ளிகள் ஆர்க்டிக் பகுதியில் போய் விழுந்திருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. இறக்குமதிப் பலகையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் முடிந்தது.

அறிகுறி: பீடரைப் பின்தொடர்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது ஊர் முழுவதும் ஒரே பீடராகத் தெரிகிறது

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். முதலாவதில் இருக்க வேண்டிய இணைப்பு இல்லை. இரண்டாவதில் இருக்கக் கூடாத இணைப்பு இருக்கிறது.

பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. ஒரு கம்பியின் முனையும் அடுத்த கம்பியின் முனையும் திரையில் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இருபது செண்டிமீட்டர் விலகி நிற்கும். மென்பொருளுக்கு அது அறுந்த கம்பி. ‘டோபாலஜி செக்கர்’ செருகியில் தொங்கும் முனைகள் இருக்கக் கூடாது என்ற விதியை இயக்கினால் இவை பட்டியலாக வந்து நிற்கும். அந்தப் பட்டியலில் பீடரின் உண்மையான கடைசிக் கம்பங்களும் சேர்ந்தே வரும் என்பதால், ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் திருத்த வேண்டும். வரையும்போதே இதைத் தவிர்க்க முனைகளைத் தானாக ஒட்டவைக்கும் ‘ஸ்னாப்பிங்’ வசதியை இயக்கி, அதன் எல்லையைப் பிக்சலில் வைக்காமல் வரைபட அலகில் அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் என்று வைக்க வேண்டும். பிக்சலில் வைத்தால், திரையைச் சிறிதாக்கும்போது அதே பத்து பிக்சல் பல மீட்டராகிவிடும். அப்போது தெருவின் எதிர்ப்பக்கக் கம்பி வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு காரணம் கிளைக் கம்பி. முதன்மைக் கம்பியின் நடுவில் ஒரு கிளை தொட்டுக்கொண்டிருந்தாலும், தொடும் இடத்தில் முதன்மைக் கம்பியில் ஒரு முனைப்புள்ளி இல்லையென்றால் க்யூஜிஐஎஸ்-இன் வலைப்பின்னல் கருவிகள் அதை இணைப்பாகக் கொள்வதில்லை. கிளை பிரியும் கம்பத்தில் முதன்மைக் கம்பியைப் பிரித்துவிட வேண்டும். இதற்காக, குறுக்கிடும் எல்லா இடங்களிலும் கம்பிகளை வெட்டும் கருவியை மொத்தமாக ஓட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. ஒரு பீடர் மற்றொரு பீடரைத் தொடாமல் மேலே கடந்து செல்லும் இடங்களும் அப்போது இணைப்பாகிவிடும். அங்கிருந்துதான் இரண்டாவது அறிகுறி, அதாவது ஊர் முழுவதும் ஒரே பீடராகத் தெரிவது, தொடங்குகிறது.

அதற்கு வேறு இரண்டு வேர்களும் உண்டு. ஒன்று, இரட்டைப் பாதைக் கம்பம். மேல் குறுக்குச் சட்டத்தில் ஒரு பீடரும் கீழ்ச் சட்டத்தில் மற்றொரு பீடரும் ஒரே கம்பத்தில் செல்லும்போது, கணக்கெடுப்பவர் கம்பத்தை ஒரே புள்ளியாகக் குறித்து, இரண்டு கம்பிகளையும் அதன் வழியாகவே வரைந்துவிடுகிறார். கம்பம் ஒன்றுதான், ஆனால் மின் முனைகள் இரண்டு. கம்பத்தின் அடுக்கையும் மின் முனைகளின் அடுக்கையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொரு முனைக்கும் பீடர் எண்ணைக் கொடுக்க வேண்டும். திரையில் இரண்டும் ஒன்றை ஒன்று மறைக்கிறதே என்பதற்காகக் கம்பியை நகர்த்தி வரைய வேண்டியதில்லை. கோட்டின் தோற்ற அமைப்பில் விலகல் கொடுத்தால் பார்வைக்கு மட்டும் பிரிந்து தெரியும்.

மற்றொன்று, வழக்கமாகத் திறந்தே, அதாவது மின்சாரம் கடக்காதபடி இருக்கும் ஏபி சுவிட்சுகளும் (கம்பத்தில் உள்ள காற்றிடைச் சுவிட்சுகள்) ஆர்எம்யு பெட்டிகளும் (புதைவடப் பாதைகளின் சுவிட்ச் பெட்டிகள்). இரண்டு பீடர்களின் கடைசியில் இருக்கும் இத்தகைய சுவிட்ச், ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் கொடுப்பதற்காக உள்ளது. வரைபடத்தில் அந்த இடத்தில் கம்பி இரண்டாகப் பிரிந்து, நடுவில் சுவிட்ச் தனிப் பொருளாக, திறந்தது அல்லது மூடியது என்ற நிலையோடு இருக்க வேண்டும். பின்தொடரும்போது திறந்த சுவிட்சுகளை விலக்கிவிட வேண்டும்.

இவை அனைத்தும் சரியாகிவிட்டதா என்று அறிய ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பகிர்மானப் பீடர் மரம்போலக் கிளைத்துச் செல்வது, வளையம் இல்லாதது. வளையம் இல்லாத எந்த வலைப்பின்னலிலும் கம்பித் துண்டுகளின் எண்ணிக்கை முனைகளின் எண்ணிக்கையைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருக்கும். தரவு போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தளத்தில் இருந்தால் பிஜிரூட்டிங் நீட்சியின் உதவியால் ஒன்றோடொன்று இணைந்த தொகுதிகளைப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். துண்டுகள் மிகுந்தால் எங்கோ தவறான வளையம் இருக்கிறது. ஒரு பீடருக்கு இரண்டு தொகுதிகள் வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான கம்பங்களைக் கண்ணால் துழாவுவதைவிட இது பலமடங்கு நம்பகமானது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஒரு சுவிட்ச் திறந்திருப்பதாகக் காட்டுவதை வைத்து, அந்தப் பாதையில் மின்சாரம் இல்லை என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. வரைபடம் திட்டமிடலுக்கானது. கம்பத்தில் ஏறுபவரின் உயிர் எல்.சி. நடைமுறையிலும் (லைன் கிளியர், அதாவது மின்பாதையை நிறுத்தி வேலைக்கு அனுமதி பெறுவது), நேரில் சோதித்துப் பார்ப்பதிலும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போடுவதிலும்தான் இருக்கிறது.

அறிகுறி: மின் இணைப்புகளைப் பட்டியலோடு இணைத்தால் பெரும்பகுதி வெற்றாக வருகிறது

தமிழ்நாட்டின் மின் இணைப்பு எண், மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு என்ற பகுதிகளைச் சேர்த்து அமைவது. மண்டல எண் 03 என்பதுபோலப் பூச்சியத்தில் தொடங்குகிறது. கட்டணப் பட்டியலை எக்செலில் ஒருமுறை திறந்து சேமித்தாலே முன்னிருக்கும் பூச்சியம் போய்விடும். எண் நீளமாக இருப்பதால் பத்தின் அடுக்கு வடிவிலும் மாறிவிடக்கூடும். வரைபடத்தில் இருப்பது எழுத்துப் புலம் (புலம் என்பது தரவு அட்டவணையின் ஒரு நெடுவரிசை), பட்டியலில் இருப்பது எண் புலம் என்றானதும் இரண்டும் பொருந்தாது. சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறக்காமல் நேராக க்யூஜிஐஎஸ்-இல் ஏற்றி, புலத்தின் வகையைத் தானாகக் கண்டறியும் தெரிவை நீக்கிவிட்டால் எல்லாம் எழுத்தாகவே வரும். ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பு என்றால், இடப்பக்கம் பூச்சியம் நிரப்பும் ‘எல்பேட்’ சார்பைப் புலக் கணிப்பானில் பயன்படுத்தலாம். ஆனால் முழு எண்ணுக்கும் ஒரே முறை நிரப்பக் கூடாது, பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உரிய இலக்கம் வரை நிரப்ப வேண்டும்.

பிரிவு அலுவலகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு எண்கள் மாறிய இடங்களில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒரு பொருத்தப் பட்டியல் இல்லாமல் வேலை நகராது. தமிழில் புலப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. பழைய ஷேப்ஃபைல் வடிவத்தில் புலப் பெயருக்குப் பத்து பைட் மட்டுமே இடம்; யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் தேவைப்படுவதால் ‘மின்மாற்றி எண்’ என்ற பெயர் மூன்று குறியீடுகளோடு வெட்டுப்பட்டு, ‘மின்பாதை எண்’ என்பதோடு குழம்பிவிடும். ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: எண்கள் பொருந்துகின்றன, ஆனால் ஒரு மின்மாற்றியின் கீழ் வேறு தெருவின் வீடுகள் வருகின்றன

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை. வெற்றாக வருவது கண்ணில் படும். தவறாக நிரம்புவது படாது. நுகர்வோரின் மின்மாற்றி தெரியாதபோது, அருகில் உள்ள மின்மாற்றியோடு இணைக்கும் கருவியை ஓட்டி முடித்துவிடுவதால் இது நேர்கிறது. மின்சாரம் அருகாமையைப் பார்த்துச் செல்வதில்லை, கம்பியைப் பார்த்துச் செல்கிறது. நெடுஞ்சாலைக்கு எதிரே முப்பது மீட்டரில் ஒரு மின்மாற்றி நிற்கும். சாலையைக் கடந்து கம்பி இல்லாததால், இந்தப் பக்க வீடுகள் இருநூறு மீட்டர் தள்ளி உள்ள மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறும். அடுக்குமாடிக்கென்று தனியே வைக்கப்பட்ட மின்மாற்றியும் அப்படித்தான். சுற்றியுள்ள தனி வீடுகளுக்கு அதுவே மிக அருகில் இருக்கும், ஆனால் அவற்றுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது.

தாழ்வழுத்தக் கம்பி முழுவதும் வரையப்பட்டிருந்தால் அதைப் பின்தொடர்ந்து இணைப்பதே முறை. வரையப்படாத இடத்தில், மீட்டர் கணக்கெடுப்பவர் ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வீஸ் வயர் வரும் கம்பத்தின் எண்ணை எழுதி வந்தால், கம்பம் வழியாக மின்மாற்றியை அடையலாம். ஸ்மார்ட் மீட்டர் உள்ள பகுதிகளில் இன்னும் நல்ல வழி இருக்கிறது: ஒரு மின்மாற்றியின் ஃபியூஸ் போகும்போது அதன் கீழுள்ள மீட்டர்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் மின்தடையைப் பதிவு செய்கின்றன. சில தடைகளின் நேரங்களை ஒப்பிட்டாலே எந்த மீட்டர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது தெளிவாகிவிடும். எந்த முறையில் இணைக்கப்பட்டது என்பதை ஒவ்வோர் இணைப்பின் பதிவிலும் ஒரு புலமாக எழுதி வைக்க வேண்டும். ‘அருகாமையால் இணைக்கப்பட்டது’ என்று குறிக்கப்பட்டவற்றின் மேல் புதிய மின்மாற்றி வாங்கும் முடிவை எடுக்கக் கூடாது.

அறிகுறி: மின்மாற்றியின் பளு 139 விழுக்காடு என்று வருகிறது, நேரில் அது குளிர்ச்சியாக நிற்கிறது

ஒரு 100 கேவிஏ (மின்மாற்றியின் கொள்ளளவைக் கூறும் அலகு) மின்மாற்றியை எடுத்துக்கொள்வோம். அதன் கீழுள்ள எல்லா இணைப்புகளின் பட்டியல் அலகுகளைக் கூட்டினால் 36,000 வருகிறது. இதை ஒரு மாத நுகர்வு என்று கொண்டு 720 மணியால் வகுத்தால் சராசரி 50 கிலோவாட். பளுக் காரணி (சராசரிப் பளுவை உச்சப் பளுவால் வகுத்த எண்) 0.4 என்றால் உச்சம் 125 கிலோவாட். திறன் காரணி (கிலோவாட்டைக் கேவிஏ-வால் வகுத்த எண்) 0.9 என்றால் ஏறத்தாழ 139 கேவிஏ. ஆனால் தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கணக்கெடுப்பு இரு மாதங்களுக்கு ஒருமுறை. 1,440 மணியால் வகுக்க வேண்டும். அப்போது சராசரி 25 கிலோவாட், உச்சம் 62.5 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 69 கேவிஏ. இந்த ஒரு வகுத்தல் பிழையால் தேவையற்ற மின்மாற்றிக்கு மதிப்பீடு தயாராகிவிடும்.

அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்டிப் பார்ப்பது இதைவிடத் தவறானது. ஒரு தெருவின் எல்லா வீடுகளிலும் மோட்டாரும் குளிர்சாதனமும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நொடியில் ஓடுவதில்லை. பளுக் காரணியையும் எல்லா இடத்துக்கும் 0.4 என்று வைத்துவிடக் கூடாது. கடைத்தெரு, விசைத்தறிக் குடியிருப்பு, குடிநீரேற்றும் இடம் ஒவ்வொன்றுக்கும் அது வேறு. மீட்டர் பொருத்தப்பட்ட மின்மாற்றிகளிலிருந்து அந்தந்த வகைக்கு உரிய எண்ணை எடுத்து, அதே வகையான மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: வரைபடம் 69 விழுக்காடு என்கிறது, ஆனால் கோடை இரவில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது. 433 வோல்ட் பக்கத்தில் 100 கேவிஏ மின்மாற்றியின் முழு மின்னோட்டம் ஒரு கட்டத்துக்கு (பேஸ்) ஏறத்தாழ 133 ஆம்பியர். 69 விழுக்காடு என்றால் கட்டத்துக்கு 92 ஆம்பியர் இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் ஆர் கட்டத்தில் 140, ஒய் கட்டத்தில் 60, பி கட்டத்தில் 75 என்று காட்டும். மூன்றின் சராசரி 92-தான். வரைபடம் கூட்டியது தவறில்லை. ஒரு கட்டம் மட்டும் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒற்றைக் கட்ட இணைப்பு ஒவ்வொன்றுக்கும் எந்தக் கட்டம் என்ற புலம் வரைபடத்தில் இருந்தால், புதிய மின்மாற்றி எதுவும் இல்லாமல், சில இணைப்புகளைக் கட்டம் மாற்றியே இதைத் தீர்க்கலாம். இந்தப் புலத்தை நிரப்பும் உழைப்பு வேறு எந்தப் புலத்தை நிரப்பும் உழைப்பையும்விட விரைவில் பலன் தரும்.

வெப்பப் படமாக வண்ணம் தீட்டும்போது மின்மாற்றிகள் நெருக்கமாக உள்ள இடமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தால், எடைப் புலத்தில் பளுவைக் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். மென்பொருள் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டுகிறது.

அறிகுறி: பீடர் தொடக்கத்தின் அளவும் கீழுள்ள இணைப்புகளின் கூட்டுத்தொகையும் பெரிதும் வேறுபடுகின்றன

எடுத்துக்காட்டாக, துணை மின் நிலைய மீட்டரில் ஒரு பீடருக்கு மாதம் 12 லட்சம் அலகுகள், வரைபடத்தில் அதன் கீழுள்ள இணைப்புகளின் கூட்டுத்தொகை 8.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வேறுபாட்டை உடனே இழப்பு என்றும் திருட்டு என்றும் எழுதிவிடுவது நியாயமில்லை. முதலில் காலம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சில தெருக்களுக்கு ஒற்றைப்படை மாதத்திலும் சிலவற்றுக்கு இரட்டைப்படை மாதத்திலும் கணக்கெடுப்பதால், ஒவ்வோர் இணைப்பின் நுகர்வையும் இரு கணக்கெடுப்புத் தேதிகளுக்கு இடையிலான நாள்களால் வகுத்து, அந்தந்த மாதத்துக்கு நாள்வாரியாகப் பிரித்துக் கொடுத்த பின்பே கூட்ட வேண்டும்.

அடுத்தது விவசாய இணைப்புகள். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் கட்டணமில்லா மின்சாரம் பெறுகின்றன; அவற்றில் மிகப் பலவற்றின் நுகர்வுக்குப் பட்டியலில் அளந்த அலகு இருக்காது. வரைபடத்தில் அவை பூச்சியமாக நின்றுவிடக் கூடாது. ஐந்து குதிரைத்திறன் மோட்டாரின் தண்டுத் திறன் 3.73 கிலோவாட், மோட்டாரின் செயல்திறனையும் சேர்த்துப் பார்த்தால் இழுப்பது அதைவிடக் கூடுதல். ஓடும் மணி நேரத்தை ஊகிக்காமல், பம்புசெட்டுகள் மட்டுமே உள்ள சில மின்மாற்றிகளில் மீட்டர் வைத்து, ஒரு குதிரைத்திறனுக்கு இத்தனை அலகு என்று பருவவாரியாக எடுத்து, மற்றவற்றுக்கு நிரப்புவதே சரி. குறுவை நடவின்போதும் மழைக்காலத்திலும் அந்த எண் ஒன்றாக இருக்காது.

மூன்றாவது, துணை மின் நிலையத்தின் சிடி, அதாவது மீட்டருக்காக மின்னோட்டத்தைக் குறைத்துத் தரும் மின்மாற்றி. அதன் விகிதம் 200/1 என்பது 400/1 ஆக மாற்றப்பட்டு, பெருக்கல் காரணி பதிவேட்டில் மாறாமல் இருந்தால் பீடரின் அளவு ஒரே நாளில் பாதியாகிவிடும். வரைகோட்டில் செங்குத்தான படி ஒன்று தெரிந்து, அதற்குப் பின் வடிவம் மாறாமல் உயரம் மட்டும் மாறியிருந்தால் இதைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும்.

இவை மூன்றும் சரியான பிறகு எஞ்சுவதே இழப்பைப் பற்றிப் பேசத் தகுந்த எண்.

அறிகுறி: மாலை உச்சம் நண்பகலில் வந்து நிற்கிறது

இரவு ஏழு மணி உச்சம் பிற்பகல் 1.30 மணிக்குக் காட்டப்பட்டால், தரவு கிரீன்விச் நேரத்தில் பதிவாகி, ஐந்தரை மணி நேரம் கூட்டப்படாமல் வந்திருக்கிறது. கால் மணி நேரம் மட்டும் விலகினால் காரணம் வேறு: ஒரு நாளை 96 கூறுகளாகப் பிரிக்கும்போது, ஓர் அமைப்பு கூறின் தொடக்கத்தையும் மற்றொன்று முடிவையும் நேரமாக எழுதுகிறது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிட வேண்டும்.

நேரம் சரியாக இருந்தும் பகல் பளு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருவதாகத் தெரிந்தால், மக்கள் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கூரைச் சூரியத் தகடுகள் அந்தப் பளுவை மறைக்கின்றன. மேகம் மூடிய பகலில் அது முழுவதும் பீடரின் மேல் வந்து இறங்கும். தகடுகளின் திறனை மின்மாற்றி வாரியாக வரைபடத்தில் ஏற்றி, அவை உற்பத்தி செய்ததை மீண்டும் கூட்டிக் கிடைக்கும் முழுத் தேவையைத்தான் கணிப்புக்குக் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: ஒரு பீடர் சரிவதாகவும் பக்கத்துப் பீடர் பாய்ந்து வளர்வதாகவும் கணிப்பு சொல்கிறது

முதல் பீடர் 160 ஆம்பியரிலிருந்து 110-க்கு இறங்கியிருக்கும். இரண்டாவது 90-இலிருந்து 140-க்கு ஏறியிருக்கும். கூட்டிப் பாருங்கள், முன்னும் 250, பின்னும் 250. யாரும் புதிதாக மின்சாரம் பயன்படுத்தவில்லை. ஏபி சுவிட்சைத் திருப்பி ஒரு பகுதியை இந்தப் பீடரிலிருந்து அந்தப் பீடருக்கு மாற்றியிருக்கிறார்கள். போக்கை நீட்டிப் பார்க்கும் எந்தச் சூத்திரமும் இதை வளர்ச்சி என்றே படிக்கும். அடுத்த ஆண்டுக்கு அந்தப் பீடர் வெடித்துவிடும் என்று அறிவிக்கும்.

சுவிட்ச் மாற்றங்களின் பதிவேட்டைத் தேதியோடு வரைபடத்தில் ஏற்றி, ஒவ்வொரு பகுதிக்கும் அது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எந்தப் பீடரில் இருந்தது என்று தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் வைப்பதே முழுத் தீர்வு. பதிவேடு கிடைக்காவிட்டால், ஒன்றுக்கொன்று சுவிட்சால் இணைந்த பீடர்களை ஒரு கூட்டமாக வைத்து, கூட்டத்தின் மொத்தத்தை மட்டும் கணித்து, பிறகு இன்றைய சுவிட்ச் நிலையைக் கொண்டு பிரித்துக் கொடுக்கலாம். பீடர் ஒவ்வொன்றையும் தனித்தனியே கணிப்பதைவிட இது எப்போதும் மேல்.

புயலுக்குப் பின் வரும் பூச்சியங்களும் இதே வகைக் கேடுதான். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் கம்பங்களைச் சாய்த்தபோது பதிவான பூச்சியங்கள் தேவையின்மையைக் குறிப்பவை அல்ல, மின்தடையைக் குறிப்பவை. அவற்றை வெற்றாக்கிவிட வேண்டும். மின்சாரம் திரும்பியவுடன் எல்லாக் குளிர்பெட்டிகளும் மோட்டார்களும் ஒன்றாக இழுக்கும் சிறிது நேரத்து மிகையையும் உச்சமாகக் கொள்ளக் கூடாது. 2020 மார்ச் 25-இல் தொடங்கிய முழு ஊரடங்குக் காலத்தை, கணிப்புச் சூத்திரத்தைப் பழக்கும் தரவில் வைத்திருப்பவர்கள் அதைத் தனிக் குறியிட்டுப் பிரிக்க வேண்டும்.

அறிகுறி: சாதாரண நாள்களில் சரியாக வருகிறது, கத்திரி வெயிலிலும் பண்டிகையிலும் தவறுகிறது

2024 மே 2-ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய நாள்களில்தான் கணிப்பு நமக்குத் தேவைப்படுகிறது, அத்தகைய நாள்களில்தான் அது கைவிடுகிறது. வெப்பத்துக்கும் பளுவுக்கும் உள்ள உறவு நேர்கோடு அன்று. குளிர்சாதனங்கள் ஓடத் தொடங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் பளு கூடுதலாக ஏறுகிறது. அந்த நாளின் உச்ச வெப்பத்தோடு இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் முந்தைய இரண்டு மூன்று நாள்களின் வெப்பத்தையும் உள்ளீடாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரவு தணியாதபோது வீட்டுச் சுவர்கள் சேர்த்துவைத்த சூடு மறுநாள் வெளிப்படும்.

ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரே வானிலை நிலையத்தை வைப்பதும் பிழை. சென்னையில் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் ஒரே பகலில் வேறுபட்ட வெப்பத்தைக் காட்டுவது வழக்கம். கடற்காற்று எப்போது உள்ளே வருகிறது என்பது கரையிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு பீடரின் மையத்துக்கும் அருகிலுள்ள நிலையங்களின் அளவைத் தூரத்தால் எடையிட்டுக் கொடுக்கலாம். கடலோரப் பீடர்களை உள்நாட்டு நிலையத்தோடு மட்டும் சேர்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொங்கல் தேதி ஏறத்தாழ மாறாதது. தீபாவளி அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே நகர்வது. சென்ற ஆண்டின் அதே தேதியை எடுத்து ஒப்பிட்டால் பண்டிகை நாள் சாதாரண நாளோடு மோதும். திருப்பூர் போன்ற ஊரில் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதும் திரும்புவதும் பண்டிகைக்கு முன்னும் பின்னும் பல நாள்களுக்குப் பளுவை மாற்றுவதால், ‘பண்டிகைக்கு இத்தனை நாள் முன்’, ‘இத்தனை நாள் பின்’ என்று எண்ணிட்டுக் கொடுப்பதே பொருத்தம்.

அறிகுறி: ஊரின் விளிம்பில் மட்டும் கணிப்பு ஆண்டுதோறும் குறைவாக வருகிறது

சிறிய நிலப்பரப்பு ஒன்றில் பளு ஒரே சீராக வளர்வதில்லை. வயலாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. மனைகளாகப் பிரிந்து வீடுகள் எழும்பும் சில ஆண்டுகளில் விறுவிறுவென ஏறும். மனைகள் நிரம்பியதும் மெதுவாகிவிடும். கடந்த ஐந்து ஆண்டுப் போக்கை நீட்டினால், இன்னும் தொடங்காத இடத்துக்குப் பூச்சியமும், நிரம்பிவிட்ட இடத்துக்கு மிகையும் கிடைக்கும். ஆகவே விளிம்புப் பகுதியில் பழைய பளுவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்க வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககமும் சென்னையில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் ஒப்புதல் அளித்த மனைப்பிரிவுகளின் எல்லையை வரைபடத்தில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் மொத்த மனை எத்தனை, இன்று கட்டடம் உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். பத்து மீட்டர் நுண்மையுள்ள சென்டினல்-2 படம் புதிய மனைப்பிரிவு எங்கே உருவாகிறது என்பதைக் காட்டும். தனி வீட்டை எண்ண அது போதாது, அதற்கு நுண்மை மிகுந்த படமோ நேரடிப் பார்வையோ வேண்டும்.

நிலப்பரப்பை மிகச் சிறிய கட்டங்களாக வகுத்துக்கொண்டால் கணிப்பு நுட்பமாகிவிடும் என்று தோன்றும். உண்மையில் கட்டம் சிறியதாகும்போது ஒவ்வொரு கட்டத்தின் பிழையும் பெரிதாகும். ஒரு மின்மாற்றி தாங்கும் பரப்புக்கு இறங்குவதைவிட, 11 கேவி பீடரின் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்ச் வரையிலான பகுதியை ஒரு கட்டமாகக் கொள்வது நல்லது. ஏனெனில் பளுவை மாற்றிக் கொடுக்க நம்மால் இயலும் மிகச் சிறிய அலகு அதுவே. அந்தப் பகுதியின் இன்றைய வீடுகளின் சராசரி உச்சத்தைக் கட்டப்படாத மனைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ஆண்டுக்கு எத்தனை மனைகள் வீடாகின்றன என்ற களக்கணக்கின்படி பிரித்துக் கொடுங்கள். பெரிய மண்டபம், குளிர்பதனக் கிடங்கு, மருத்துவமனை போன்றவற்றைச் சராசரியில் கரைக்காமல், புதிய உயரழுத்த இணைப்புக்கான விண்ணப்பம் பதிவான அன்றே அந்த இடத்தில் புள்ளியாக ஏற்றி, அது கேட்கும் பளுவையும் எதிர்பார்க்கும் தேதியையும் எழுதிவிட வேண்டும்.